வாடகை வீடு தேடப் போன பையன்

பொவாய் ஏரிக்கரையில் இருக்கும் ஐ.ஐ.டி. விடுதியை விட்டு வெளியே வரும் மாணவனுக்கு மும்பை முதலில் நடத்தும் பாடம், வீடு தேடுவது. கல்யாணம் ஆகாதவன் என்றால் பாதிக் கட்டடங்களில் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார். மிச்சத்தில், அசைவம் சாப்பிடுவாயா என்று சொசைட்டி செயலாளர் கேட்பார். இரண்டையும் தாண்டினால் டெபாசிட், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பதினோரு மாத ஒப்பந்தம். 2012-ல் இந்த அலைச்சலில் சிக்கிய ஐ.ஐ.டி. பையன்கள் சிலர், வீடு தேடுவதையே தொழிலாக்கிவிட்டார்கள். நிறுவனர்கள் மட்டும் 12 பேர். அவர்களில் முன்னால் நின்றவர் ராகுல் யாதவ்.

ராஜஸ்தானின் அல்வார் பக்கத்துப் பையன். உலோகவியல் படிக்க வந்தார், படிப்பை முடிக்கவில்லை. கல்லூரியில் இருந்தபோதே பழைய வினாத்தாள்களைத் திரட்டி ஓர் இணையதளம் நடத்தினார். நிர்வாகம் அதை ரசிக்கவில்லை, மூடச் சொன்னது. அடுத்து வந்ததுதான் ஹவுசிங் டாட் காம்.

அப்போது வீட்டு விளம்பரத் தளங்களுக்குப் பஞ்சமில்லை. 99ஏக்கர்ஸ் 2005-லேயே வந்துவிட்டது. மேஜிக்பிரிக்ஸ் அடுத்த ஆண்டு. ஆனால் அவற்றில் வீடு தேடிய அனுபவம் பலருக்கும் நினைவிருக்கும். ஒரே வீட்டை ஐந்து புரோக்கர்கள் ஐந்து வாடகைக்குப் போட்டிருப்பார்கள். படம் இருக்காது, அல்லது வேறு வீட்டுப் படம் இருக்கும். போன் செய்தால், "அது போயிடுச்சு சார், பக்கத்துலயே இன்னொன்னு இருக்கு, வர்றீங்களா?" என்பார்கள். அந்த முதல் வீடு மீனுக்குப் போட்ட புழு. போய் ஒரு வாரமோ ஒரு வருடமோ ஆகியிருக்கும்.

ஹவுசிங் பையன்கள் செய்தது, சொன்னால் சாதாரணமாகத் தெரியும். வீட்டுக்கே ஆளை அனுப்பினார்கள், கையில் கேமராவோடு. ஹால், சமையலறை, குளியலறை, பால்கனியிலிருந்து தெரியும் தெரு என ஒவ்வொன்றையும் படம் எடுத்து, வீடு நிற்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் குத்தினார்கள். போய்ப் பார்த்த வீடு மட்டுமே தளத்தில் வரும். வாடகைக்கு வருபவன் பஸ் ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எங்கே என்பதைப் படியேறும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். ஏரியா வாரியாக விலை எங்கே ஏறுகிறது என்று வண்ணம் தீட்டிய வரைபடமும் பின்னால் வந்தது. அந்த வரைபடத்தைத்தான் பத்திரிகைகள் கொண்டாடின. என்னைக் கேட்டால், நிஜமான கண்டுபிடிப்பு மாடிப்படி ஏறிப்போன அந்தக் கேமராக்காரர்தான். இதற்குச் சம்பளச் செலவு அதிகம், ஊருக்கு ஊர் ஆள் வேண்டும். அதனாலேயே பழைய தளங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தன.

பிறகு பணம் வந்தது. 2014 டிசம்பரில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் தலைமையில் 9 கோடி டாலர். வாடகை வீடு தேடிய பையன் கையில் இவ்வளவு பணம் வந்தால் என்ன செய்வான்? ஹோர்டிங் வைத்தான். 2015 மார்ச்சில் புது லோகோவோடு, அண்ணாந்து பார்க்கச் சொல்லும் விளம்பரங்கள் நகரமெங்கும் முளைத்தன. பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது வீடு தேடும் கம்பெனி என்று புரிந்திருக்கும் என்பது சந்தேகம்தான்.

அடுத்த மூன்று மாதம் தொடர்கதை போல ஓடியது. ஏப்ரல் கடைசியில் இயக்குநர் குழுவுக்கு ஒரு ராஜினாமா கடிதம்: என்னோடு விவாதிக்கும் அளவுக்கு உங்களுக்கு அறிவு போதாது என்ற தொனியில். சில நாளில் மன்னிப்பு, ராஜினாமா வாபஸ். மே மாதம் தன் பங்குகள் முழுவதையும் 2,251 ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மதிப்பு 150 முதல் 200 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. 26 வயதில் பணத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. ஊரே கைதட்டியது. ஜூலை 1-ம் தேதி இயக்குநர் குழு அவரை வெளியே அனுப்பியது.

அந்தப் பங்கு தானத்தை இன்றும் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் அரைகுறை மரியாதைதான். பங்கு வாங்கிய ஊழியருக்கு அந்தக் காகிதம் கம்பெனி நன்றாக நடந்தால்தான் காசு. 2017 ஜனவரியில் ஹவுசிங், போட்டி நிறுவனமான ப்ராப்டைகரோடு இணைக்கப்பட்டது. பின்னர் அது ஆஸ்திரேலியாவின் ஆர்.இ.ஏ. குழுமத்தின் கைக்குப் போனது.

இதே காலத்தில் பெங்களூரில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதில் நாடகம் குறைவு, அதனால் பேச்சும் குறைவு. 2014-ல் அகில் குப்தா, அமித் குமார் அகர்வால், சௌரப் கர்க் மூவரும் தொடங்கிய நோபுரோக்கர், பெயரிலேயே சண்டையை அறிவித்துவிட்டது. உரிமையாளர் நேரடியாகப் போடும் வீடு மட்டும்தான். புரோக்கர் நுழைந்தால் கண்டுபிடித்து வெளியேற்றுவது. புரோக்கர்கள் அலுவலகத்துக்கே வந்து தகராறு செய்தது செய்தியானது. 2021 நவம்பரில் அதன் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. இந்தியாவில் வீட்டுத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று அந்த அளவைத் தொட்டது அதுவே முதல் முறை. இடைப்பட்ட காலத்தில் வாடகை ஒப்பந்தம், பெயின்ட் அடிப்பது, வீடு மாற்றுவது எல்லாவற்றையும் அவர்கள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு மாறுபவனுக்கு உண்மையில் தேவைப்படுவது இவைதான்.

யாதவ் விடவில்லை. 2020-ல் 4பி நெட்வொர்க்ஸ். இந்த முறை வாடிக்கையாளர், புரோக்கர். அவரையும் கட்டுமான நிறுவனங்களையும் இணைக்கும் மேடை. பணம் போட்டது யார் தெரியுமா? 99ஏக்கர்ஸை நடத்தும் இன்ஃபோ எட்ஜ். எந்தப் பழைய தளத்தை மிஞ்ச வந்தாரோ, அதன் முதலாளி நிறுவனமே 276 கோடி ரூபாய் கொடுத்தது. அந்த முழுத் தொகையையும் இன்ஃபோ எட்ஜ் பின்னர் நஷ்டக் கணக்கில் எழுதியது. 2023-ல் 4பி-யின் கணக்குகளைத் தடயவியல் தணிக்கைக்கும் அனுப்பியது.

இந்தத் துறையில் இறங்க நினைக்கும் நம்மூர்ப் பையன்கள், பெண்கள் பலர் இன்னொரு வீட்டு ஆப் செய்யும் யோசனையோடுதான் வருகிறார்கள். படமும் வரைபடமும் ஏறக்குறைய முடிந்த கதை. மிச்சம் இருப்பது, வீடு வாங்குபவனுக்காகப் பத்திரத்தைச் சரிபார்ப்பது. தமிழ்நாட்டில் வில்லங்கத்தைப் பதிவுத்துறை தளத்திலேயே பார்க்கலாம், பட்டா சிட்டாவையும் இணையத்தில் எடுக்கலாம். ஆனால் கணினிக்கு வராத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். பதிவு செய்யாத உயில் வில்லங்கத்தில் தெரியாது. பாகம் பிரித்தபோது ஒரு தங்கையின் கையெழுத்து விடுபட்டிருந்தால், மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படிக்கும் வக்கீலின் கண்ணுக்குத்தான் அது படும். அவர் ஒரு லீகல் ஒப்பீனியனுக்குச் சில ஆயிரங்கள் வாங்குகிறார். வங்கிகள் அவரை நம்பித்தான் வீட்டுக் கடனே கொடுக்கின்றன.