பழைய சித்திரக்கதை இதழ்களின் இணைய ஏலம்

பழைய சித்திரக்கதை இதழ்களின் இணைய ஏலம் என்பது, அச்சில் இல்லாத காமிக்ஸ் புத்தகங்களை இணையத்தின் வழியே பலர் போட்டியிட்டு விலை கேட்டு வாங்கும் முறையாகும். வெளிவந்த காலத்தில் ஓரிரு ரூபாய்க்குப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய தமிழ் இதழ்களுக்கு இன்று ஆயிரக்கணக்கில் விலை கேட்கப்படுகிறது. செஞ்சி போன்ற சிற்றூர்களில் இருப்போர் பழைய இதழ்களைத் தேடிச் சென்னை மூர் மார்க்கெட்டுக்கோ திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளுக்கோ போக வேண்டியிருந்த நிலையை இணையம் மாற்றிவிட்டது. ஆனால் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இதில் இல்லை. ஏலம் நடக்கும் விதம், இதழின் நிலையை அறியும் வழி, ஏமாற்றுகளின் வகை ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு இறங்குபவர் பணத்தைக் காத்துக்கொள்வார்.

தமிழில் தேடப்படும் இதழ்கள்

தமிழ்ச் சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது முத்து காமிக்ஸ் இதழ்களையே. சிவகாசியில் இருந்து 1972இல் தொடங்கிய இந்த வெளியீட்டின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962 முதல் வந்த தொடரின் தமிழாக்கம் இது. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும் நாயகன், மூலத்தைவிடத் தமிழில்தான் நீண்ட காலம் நினைவில் நின்றான். ஜானி நீரோ, லாரன்ஸ்-டேவிட், ரிப் கெர்பி, வேதாளர் முதலியோரும் முத்து காமிக்ஸ் வழியே அறிமுகமானவர்கள்.

அதே நிறுவனத்திடமிருந்து 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. திகில், மினி லயன், ஜூனியர் லயன் ஆகியன அதன் உடன்பிறப்புகள். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் 1984இல் தொடங்கி 2005 வரை வெளிவந்தது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 முதல் 1990 வரை நடத்திய இந்திரஜால் காமிக்ஸும், 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதையும் இந்திய அளவில் தேடப்படுபவை.

தேடும்போது ஒரு பெயர்க் குழப்பத்தை நினைவில் வைக்க வேண்டும். முத்து காமிக்ஸில் 'மாயாவி' என்றால் இரும்புக்கை மாயாவி. ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்றால் முகமூடி அணிந்த வேதாளர். விற்பனை அறிவிப்பில் 'மாயாவி காமிக்ஸ்' என்று மட்டும் இருந்தால், எந்த வெளியீடு, எந்த எண் என்று கேட்டறியாமல் விலை சொல்லக் கூடாது.

ஏன் அரிதாயின?

இவ்விதழ்கள் குறைவாக அச்சிடப்பட்டதால் மட்டும் அரிதாகவில்லை. படித்து முடித்ததும் எடைக்குப் போடப்பட்டதே பெரிய காரணம். பள்ளிப் பாடத்தைக் கெடுக்கும் என்று பல வீடுகளில் இவை கிழிக்கப்பட்டன. வகுப்பில் பிடிபட்டவை ஆசிரியர் மேசையில் சேர்ந்து, பின் பழைய பேப்பர் கடைக்குப் போயின. வாடகை நூலகங்கள் நான்கைந்து இதழ்களைச் சேர்த்துத் தைத்து, ஓரங்களை வெட்டி, முத்திரை குத்தின. மிஞ்சியவற்றையும் தாளின் இயல்பே அழித்தது. செய்தித்தாள் வகைக் காகிதத்தில் நீக்கப்படாமல் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள், ஒளியும் காற்றும் படும்போது பழுப்பேறுகிறது. காகிதத்தில் உருவாகும் அமிலம் அதை நொறுங்கச் செய்கிறது. இரும்புப் பின்கள் மழைக்கால ஈரத்தில் துருவேறித் தாளை அரிக்கின்றன. ஆகவே அட்டை, நடுப்பக்கம், பின்கள் மூன்றும் பழுதின்றி இருக்கும் பிரதியின் விலை, சாதாரணப் பிரதியின் விலையைப் போலப் பல மடங்காகிறது.

ஏலத்தின் வகைகள்

'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று கூவி விடும் ஏலம் யாவரும் அறிந்தது. இதில் கேட்கும் விலை எல்லோர் காதிலும் விழும். விலை படிப்படியாக ஏறும். இதற்கு மாறானது மறைமுக ஏலம். வேளாண் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நெல், மணிலா மூட்டைகளுக்கு வணிகர்கள் தத்தம் விலையை மற்றவர் அறியாமல் எழுதிக் கொடுப்பதைச் செஞ்சிப் பகுதி விவசாயிகள் நன்கு அறிவர். அதிக விலை எழுதியவருக்கு, அவர் எழுதிய விலைக்கே சரக்கு போகும்.

மூன்றாவது வகையைப் பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்து விளக்கினார். அதில் அதிக விலை எழுதியவரே வெல்வார். ஆனால் அவர் செலுத்துவது இரண்டாவதாக வந்தவர் எழுதிய விலையை. எனவே தன் உண்மையான மதிப்பைக் குறைத்து எழுதுவதால் யாருக்கும் ஆதாயமில்லை. விக்ரிக்கு 1996இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

1995இல் தொடங்கப்பட்ட ஈபே தளத்தின் 'பதிலாள் கேட்பு' முறை இந்த மூன்றாவது வகைக்கு நெருக்கமானது. வாங்குபவர் தன் உச்ச விலையைத் தளத்திடம் மட்டும் சொல்லி வைக்கிறார். தேவையான அளவு மட்டும் தளம் அவருக்காக விலையை ஏற்றிக்கொண்டே போகும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஓர் இதழின் தொடக்க விலை ரூ. 500, ஒவ்வொரு படியும் ரூ. 50 என்று கொள்வோம். முதல்வர் தன் உச்ச விலையாக ரூ. 2,000 பதிகிறார். வேறு எவரும் இல்லாததால் விலை ரூ. 500இலேயே நிற்கும். அடுத்தவர் ரூ. 1,200 பதிந்தால் விலை ரூ. 1,250 ஆகும், முன்னிலையில் இருப்பவர் முதல்வரே. மூன்றாமவர் ரூ. 2,500 பதிந்தால் விலை ரூ. 2,050 ஆகி, அவர் முன்னிலைக்கு வருவார். அவர் ரூ. 2,500 கொடுக்க வேண்டியதில்லை. இருவர் ஒரே உச்ச விலையைப் பதிந்தால், முன்னால் பதிந்தவருக்கே பொருள்.

இந்தியாவில் ஈபே நடத்திய தனித்தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது தமிழ் இதழ்களின் கைமாற்றம் பெரும்பாலும் முகநூல், வாட்சப் குழுக்களில் நடக்கிறது. அங்கே பதிலாள் கேட்பு கிடையாது. குழுவை நடத்துபவர் சொல்வதே விதி. ஏலம் முடியும் நேரம், குறைந்த ஏற்றம், அஞ்சல் செலவு யாருடையது, எத்தனை நாளில் பணம் என்பவற்றை ஏலம் தொடங்கும் முன்பே எழுத்தில் பெற்றுவிட வேண்டும்.

கடைசி நொடிக் கேட்பு

குறித்த நேரத்தில் முடியும் ஏலங்களில் பலர் கடைசிச் சில நொடிகளில்தான் விலை கேட்கின்றனர். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2002இல் கட்டுரை வெளியிட்டனர். நேரம் கண்டிப்பாக முடியும் ஈபே ஏலங்களில் இப்பழக்கம் மிகுதி என்றும், புதிய கேட்பு வந்தால் நேரம் தானே நீளும் அமேசான் ஏலங்களில் அது குறைவு என்றும் கண்டனர். முன்கூட்டியே விலை கேட்டால் போட்டியாளருக்குப் பொருளின் மதிப்பு தெரிந்துவிடும். அவர் ஆசையும் கூடும். கடைசியில் கேட்பதில் இந்த இடர் இல்லை. ஆனால் இணைப்பு ஒரு கணம் துண்டிக்கப்பட்டாலும் பொருள் கைநழுவும். எம்முறையைப் பின்பற்றினாலும் உச்ச விலையை ஏலத்துக்கு முந்தைய நாளே தாளில் எழுதி வைத்து, அதைத் தாண்டாமல் இருப்பதே முக்கியம்.

வென்றவரின் இழப்பு

எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971இல் ஓர் உண்மையைச் சுட்டினர். மதிப்பு சரியாகத் தெரியாத ஒரு பொருளைப் பலர் தோராயமாக மதிப்பிடும்போது, வெல்பவர் பெரும்பாலும் மிக அதிகமாகத் தவறி மதிப்பிட்டவராகவே இருப்பார். பழைய இதழ் ஏலத்துக்கும் இது பொருந்தும். சேகரிப்புக்காக வாங்குபவருக்கு இது பெரிய இழப்பன்று. மறுவிற்பனை நோக்கில் வாங்குபவர்தான் அடிபடுவார். விற்பவர் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. இதே போன்ற பிரதி உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதே அளவுகோல்.

நிலையும் விலையும்

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம், இதழ்களை ஆய்ந்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுக் கண்ணாடி போன்ற உறையில் அடைத்துத் தருகிறது. சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்சன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938இல் 10 சென்ட்டுக்கு விற்றது. 9.0 மதிப்பெண் பெற்ற ஒரு பிரதி 2014இல் ஈபே ஏலத்தில் 32 லட்சம் டாலரைத் தாண்டியது. 8.5 பெற்ற ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்குப் போனது.

தமிழ் இதழ்களை வாங்குவோர் இத்தகைய மதிப்பெண்ணை எதிர்பார்க்க முடியாது. மதிப்பிடும் வேலை வாங்குபவருடையது. கேட்டுப் பெற வேண்டிய படங்கள் இவை: முன் அட்டை, பின் அட்டை, முதுகு, நடுப்பக்கத்தின் பின்கள், பதிப்பு விவரம் உள்ள பக்கம். பக்கங்கள் முழுமையாக உள்ளனவா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். 'பழைய புத்தகம், நிலை நன்று' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

அசலா, மறுபதிப்பா?

இரும்புக்கை மாயாவி உள்ளிட்ட புகழ்பெற்ற கதைகள் 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' போன்ற வரிசைகளிலும் தனியாகவும் மீண்டும் அச்சாகியுள்ளன. ஆகவே கதைத் தலைப்பு ஒன்றாக இருப்பதால் இதழ் ஒன்றாகிவிடாது. வெளியீட்டின் பெயர், இதழ் எண், மாதம், விலை, அக்காலத்து விளம்பரங்கள் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். இப்போது வண்ண நகலெடுத்து அட்டை மட்டும் புதிதாகச் சேர்க்கப்பட்ட பிரதிகளும் உலவுகின்றன. பழைய அச்சை உருப்பெருக்கியில் பார்த்தால் வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். நகலில் அவை சிதறியோ வழிந்தோ இருக்கும். உள்பக்கம் பழுத்திருக்க அட்டை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். கதையைப் படிப்பதுதான் நோக்கம் என்றால், மறுபதிப்பே மலிவானது. தெளிவான அச்சும் கிடைக்கும்.

இதழ் யாரிடமிருந்து வந்தது என்பதையும் கேட்பது நல்லது. நடிகர் நிக்கோலஸ் கேஜிடமிருந்து 2000இல் திருடப்பட்ட 'ஆக்சன் காமிக்ஸ்' முதல் இதழ் 2011இல்தான் கலிபோர்னியாவில் மீட்கப்பட்டது. இங்கும் பொது நூலக முத்திரை உள்ள இதழ் வந்தால், அது முறையாகக் கழிக்கப்பட்டதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

முழுச் செலவு

ஏலத்தில் கேட்ட விலை மட்டுமே செலவன்று. தளத்தின் கட்டணம், உறையிடல், அஞ்சல் ஆகியவை சேரும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் நாணய மாற்றுக் கட்டணமும் சுங்கவரியும் உண்டு. 2019 வரவுசெலவுத் திட்டத்தில் இறக்குமதி நூல்களுக்கு 5% சுங்கவரி விதிக்கப்பட்டது. உள்நாட்டில், 2025இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. கண்காணிப்பு எண்ணுள்ள விரைவு அஞ்சலில் அனுப்பச் சொல்ல வேண்டும். இரு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, நீர் புகாத உறையில் இட்டு அனுப்பும்படி கேட்பது அவசியம். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து வைத்தால் தகராறு வந்தால் சான்றாகும்.

ஏமாற்றுகள்

ஆள் வைத்து விலை ஏற்றுவது மிகப் பழைய ஏமாற்று. விற்பவரின் நண்பரே போட்டியாளர் போலக் கேட்டு விலையைத் தூக்கிவிடுவார். ஒரே விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் கேட்டு, எதையும் வெல்லாத கணக்கு இருந்தால் விலகுவது நலம். பிறருடைய படங்களை எடுத்துப் போட்டு, இல்லாத இதழுக்கு முன்பணம் வாங்குவது மற்றொன்று. அன்றைய தேதி எழுதிய தாளை இதழின்மேல் வைத்துப் புதிய படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இது வெளிப்பட்டுவிடும்.

பழைய இதழை விற்க முன்வரும் முதியோரைக் குறிவைப்பதும் உண்டு. 'பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை வருடிப் பின் எண்ணைப் போடுங்கள்' என்பார்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். ஏமாந்தவர் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் தர வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

வாங்கிய பின்

கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டுவதும், இதழை லேமினேட் செய்வதும் நிரந்தரக் கேடு. பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில், அமிலம் நீக்கிய அட்டையுடன், நிற்கும் நிலையில் வைக்கலாம். பி.வி.சி. உறை ஆகாது. செஞ்சியில் மலைப்பாறைகள் கக்கும் கோடை வெப்பமும், ஐப்பசி கார்த்திகை மழை ஈரமும் ஒருசேரக் காகிதத்துக்குப் பகை. வெளிச்சுவர் ஓரத்திலும், மேல்தளத்துக்கு நேர்கீழ் உள்ள பரணிலும் வைக்காமல், வீட்டின் உள்ளறை அலமாரியில் வைப்பது நன்று. இராமபாணப் பூச்சி வந்துள்ளதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதழை வாங்குவதால் அதன் பதிப்புரிமை வாங்குபவருக்கு வந்துவிடாது. முழு இதழையும் ஸ்கேன் செய்து விற்பதும் பரப்புவதும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றமாகலாம். ஆனால் எந்த இதழ், எந்த எண், எந்த மாதம் வெளிவந்தது என்ற பட்டியலைத் தொகுத்து வெளியிடத் தடையில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களுமே இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. தனியார் அலமாரிகளில் உள்ள சித்திரக்கதைகளின் விவரமும் அவ்வாறே எழுதி வைக்கப்பட வேண்டும். உரிமையாளருக்குப் பின் அவை மறுபடி எடைக்குப் போகாமல் இருக்க, பட்டியலின் ஒரு படியையும், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற குறிப்பையும் வீட்டாரிடம் கொடுத்து வைப்பது நல்லது.