முட்டை கணக்கு தெரிந்தால் போதும்! பருப்பு பாக்கெட்டில் ஏமாற வேண்டாம்!!

சேலம்,

கத்தியை காட்டி பணம் பறித்தால் போலீசுக்கு போகலாம். மளிகைக்கடையில் 900 கிராம் பருப்பை ஒரு கிலோ என்று நினைத்து வாங்கி வந்தால் யாரிடம் போய் சொல்வது? பாக்கெட் மேலேயே எடையை அச்சடித்து விட்டான். வாரக்கூலி வாங்கி சாமான் வாங்கும் தறி தொழிலாளி வீட்டில்தான் இந்த அடி பலமாக விழுகிறது.

மத்திய அரசு 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவு திட்டத்தில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எழுத்தோடு எண்ணும் கற்றுத்தரப்படுகிறது. அந்த எண் எதற்கு? முதலில் கடைக்கு போகத்தானே!

பொடி எழுத்து

முன்பு டீத்தூள், பிஸ்கட், சமையல் எண்ணெய் உள்பட 19 வகை பொருட்களை அரசு குறித்த அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதி திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதற்கு பதிலாக கிராம் அல்லது கிலோ என்ன விலை என்று பாக்கெட்டில் போட சொன்னார்கள்.

போடுகிறார்கள். பொடி எழுத்தில், பெரும்பாலும் இங்கிலீசில்! ஒரு கிலோவுக்கு குறைந்தால் ஒரு கிராம் விலை. அதற்கு மேல் போனால் கிலோ விலை. ஒன்றில் 0.18, இன்னொன்றில் 175. இப்போதுதான் 'அ'னா 'ஆ'வன்னா முடித்த ஆயா இதை எப்படி ஒப்பிடும்? பி.ஏ. படித்தவருக்கே தலை சுற்றும்.

நாமக்கல் வழி

நாமக்கல் பக்கம் இதற்கு கைவசம் வழி இருக்கிறது. ஒரு முட்டை என்ன விலை என்று தினமும் கேட்டு பழகிய ஊர் அது. 30 முட்டை அட்டை 180 ரூபாய், 6 முட்டை பெட்டி 42 ரூபாய் என்றால் எது லாபம்? கைநாட்டு வைக்கும் பாட்டிகூட பட்டென்று சொல்லும்: அட்டையில் முட்டை 6 ரூபாய், பெட்டியில் 7 ரூபாய்.

பருப்புக்கும் அதே கணக்குதான். முட்டைக்கு பதில் 100 கிராம். 900 கிராம் 162 ரூபாய் என்றால் 9 பங்கு. பங்கு 18 ரூபாய். பக்கத்தில் இருக்கும் ஒரு கிலோ 175 ரூபாய் என்றால் 10 பங்கு. பங்கு பதினேழரை ரூபாய். பார்வைக்கு 13 ரூபாய் மலிவாக தெரிந்ததுதான் உண்மையில் விலை கூடுதல்!

எண்ணெயில் வேறு வில்லங்கம். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது. சுமார் 910 கிராம்தான். செக்கில் கிலோ விலையும் கடையில் லிட்டர் விலையும் சொன்னால், இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து பார்க்கக்கூடாது.

சந்தையே பள்ளிக்கூடம்

இந்த பாடத்துக்கு கரும்பலகை தேடி அலைய வேண்டாம். சேலம் சூரமங்கலம், அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி உழவர் சந்தைகளில் அன்றாட காய்கறி விலையை பலகையில் போடுகிறார்கள். தமிழில், கிலோ கணக்கில். அதை வகுப்பில் இருப்பவர்கள் வாய்விட்டு படிக்கட்டும். பிறகு தெருவண்டியில் கால் கிலோ தக்காளி என்ன விலை என்று கேட்டு, நாலால் பெருக்கி பார்க்கட்டும்.

பெரிய பாக்கெட்தான் மலிவு என்று மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஷாம்பு பாட்டிலைவிட சின்ன பாக்கெட்டில் மில்லி விலை குறைவாக இருப்பது சகஜம்.

அச்சடித்த விலைக்கு மேல் காசு கேட்டால் அது கணக்கு விவகாரம் அல்ல, குற்றம். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் போன் போடலாம். பாக்கெட்டை மட்டும் கிழித்து எறிந்துவிடாதீர்கள்.