சோப்புக் கட்டியில் ஒரு கொள்கை: பயனீட்டாளர் எப்படி எடைபோடுவது?

பேரங்காடியில் ஒரு குளியல் சோப்பையோ முகப்பூச்சையோ எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அதில் ஒரு கொள்கையும் அச்சாகியிருக்கும். ‘விலங்குகள் மீது சோதிக்கப்படவில்லை’, ‘நியாய வணிகம்’ என்பவை அவற்றில் சில. சில நிறுவனங்கள் அரசியல் விவகாரங்களிலும் குரல் கொடுக்கின்றன. அதை நம்பிக் கூடுதலாகச் சில வெள்ளி கொடுக்கும் பயனீட்டாளர், அந்தக் கொள்கை உண்மைதானா என்று எப்படி அறிவது?

மலேசியர்களுக்கும் பழக்கமான ‘தி பாடி ஷாப்’ இதற்கு நல்ல பாடம். அனிட்டா ரோடிக் 1976-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் சிறு கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் வரலாற்றை நான்கு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: பேசியதற்காக வம்பை விலைக்கு வாங்கத் துணிந்ததா? 1990-களில் நைஜீரியாவின் ஒகோனி மக்களுக்காக ஷெல் எண்ணெய் நிறுவனத்தை அது வெளிப்படையாக எதிர்த்தது. ஒகோனி தலைவரும் எழுத்தாளருமான கென் சாரோ-விவாவை 1995 நவம்பரில் ராணுவ அரசு தூக்கிலிட்ட பிறகும் அந்தக் குரல் ஓயவில்லை. சோப்பு விற்க இது தேவையே இல்லை. விலங்குச் சோதனைக்கு எதிராக 1996-இல் 40 லட்சம் கையெழுத்துகளையும் திரட்டியது. இத்தகைய பல இயக்கங்களின் நெருக்குதலுக்குப் பின், 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வகை ஒப்பனைப் பொருள்களின் விற்பனைக்கு முழுத் தடை விதித்தது.

இரண்டாவது: பொருள் யார் கையிலிருந்து வருகிறது? மதுரைக்கு அருகிலுள்ள திருமங்கலத்தில், டெடி எக்ஸ்போர்ட்ஸ் என்ற அமைப்பிடமிருந்து 1987 முதல் மரத்தாலான உடல்பிடிப்புக் கருவிகளையும் பைகளையும் இந்த நிறுவனம் வாங்கி வந்தது. அந்த வருமானம் அவ்வூரில் பள்ளிக்கும் மருத்துவ உதவிக்கும் பயன்பட்டது. இது விளம்பரத்தோடு நின்றுவிட்ட கொள்கை அல்ல.

மூன்றாவது: தவறு சுட்டிக்காட்டப்பட்டபோது என்ன செய்தது? 1994-இல் அமெரிக்கச் செய்தியாளர் ஜான் என்டைன், நிறுவனத்தின் இயற்கைப் பொருள், நன்கொடை பற்றிய பேச்சும் செயலும் ஒத்துப்போகவில்லை என்று எழுதினார். நிறுவனம் அதைக் கடுமையாக மறுத்தது. 2009-இல் கொலம்பியாவின் லாஸ் பாவாஸ் பகுதியில், செம்பனை பயிரிடுவதற்காக 100-க்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதில் பாடி ஷாப்புக்குச் செம்பனை எண்ணெய் வழங்கிய குழுமத்துக்கும் பங்கு இருந்தது. விவகாரம் பத்திரிகையில் வெளிவந்து, ஆய்வும் நடந்த பிறகு, 2010-இல் அந்தத் தொடர்பு முறிக்கப்பட்டது. தாமதமானாலும் நடவடிக்கை வந்தது. ஆனால், வெளியார் கேட்ட பிறகே வந்தது.

நான்காவது: இன்று முதலாளி யார்? 2006-இல் லோரியால் நிறுவனம் 65 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து இதை வாங்கியது. விலங்குச் சோதனை விஷயத்தில் குற்றஞ்சாட்டப்பட்டு வந்த நிறுவனத்துக்கே விற்றதால் பழைய ஆதரவாளர்கள் பலர் கொதித்தனர். மறு ஆண்டு அனிட்டா ரோடிக் காலமானார். பிறகு 2017-இல் பிரேசிலின் நத்துரா, 2023 இறுதியில் ஆரேலியஸ் முதலீட்டுக் குழுமம் என உரிமை கைமாறியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் கிளை கடன் நெருக்கடியால் நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறுவனர் காலத்துக் கொள்கையை இன்றைய உரிமையாளருக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கேள்விகள் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். பெட்டியிலுள்ள சின்னங்களையும் கவனித்துப் படிக்க வேண்டும். முயல் சின்னம் அந்த வணிகப் பெயருக்கு மட்டுமே உரியது, தாய் நிறுவனத்துக்கு அல்ல. ஆர்.எஸ்.பி.ஓ. செம்பனைச் சின்னத்தில் ‘மிக்ஸ்ட்’ என்றிருந்தால், சான்று பெறாத எண்ணெயும் கலந்திருக்கிறது என்று பொருள்.

செம்பனை எண்ணெய் இல்லாத சோப்பு குறைவு. அந்த எண்ணெய்க்குப் பின்னால் குலை அறுப்பவரும் உதிர்ந்த பழம் பொறுக்குபவரும் இருக்கிறார்கள். தொலைதூரக் காட்டுக்கும் விலங்குக்கும் குரல் கொடுக்கும் நிறுவனம், அந்தத் தொழிலாளரின் கூலியையும் வீட்டையும் பற்றி என்ன சொல்கிறது? தோட்டத்தை அறிந்த தமிழர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.