ஐந்நூறு டாலருக்கு அமெரிக்க மனை

2019-இல் ஃபுளோரிடாவின் பிரோவர்டு கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) நடத்திய வரி பாக்கிக்கான இணைய ஏலத்தில் ஒருவர் 9,100 டாலர் கட்டி ஒரு வில்லாவை எடுத்துவிட்டதாக நினைத்தார். கவுண்டியின் தளத்தில் அந்தச் சொத்து எண்ணுக்கு நேரே வீட்டின் படம் இருந்தது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் வாங்கியது ஓர் அடி அகலமும் நூறு அடி நீளமும் கொண்ட ஒரு கீற்று. தெருவோரத்தில் தொடங்கி, இரண்டு வில்லாக்களின் கார் கொட்டகைகளைப் பிரிக்கும் சுவருக்கு அடியில் போய்ப் பின்பக்கம் முடியும் துண்டு. அரசுக் கணக்கில் அதன் மதிப்பு 50 டாலர். பணத்தைத் திருப்பித் தரச் சட்டத்தில் இடமில்லை என்று கவுண்டி கையை விரித்துவிட்டது. மதிப்பும் மனை வரைபடமும் அதே தளத்தில் இருந்தன. அவர் படத்தை மட்டும் பார்த்தார்.

‘500 டாலருக்கு வீடு’, ‘18 சதவீத வட்டி, அரசே வசூலித்துத் தரும்’ என்று இந்த வரி ஏலங்களைப் பற்றி வரும் காணொலிகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் பொய்யில்லை. சொல்லாமல் விடுவதுதான் அதிகம்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடம், காவல், சாலை எல்லாவற்றுக்கும் உள்ளூர் சொத்து வரி ஒரு முக்கிய ஆதாரம். அதனால் வரி பாக்கியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். நம் ஊரில் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டும், சீல் வைக்கும், குடிநீர் இணைப்பைத் துண்டிக்கும். ஜப்தி செய்து ஏலம் விட 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இருந்தாலும், வீட்டு வரிக்காக வீடு ஏலத்துக்குப் போவது அரிது. அங்கே அது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமான வேலை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

ஏலத்தில் இரண்டு பெரிய வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்றில் நிலத்தை விற்பதில்லை. வரி பாக்கியை விற்கிறார்கள். ஃபுளோரிடாவில் ஒருவர் வரி கட்டவில்லை என்றால், அந்தப் பாக்கியை நீங்கள் கட்டி, ஒரு வரிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். உரிமையாளர் பிற்பாடு வட்டியோடு கட்டும்போது அந்தப் பணம் உங்களுக்கு வரும். 18 சதவீதம் என்பது வட்டியின் உச்சவரம்பு. ஏலமே அதைக் குறைத்துக் கேட்பதில்தான் நடக்கிறது. யார் குறைந்த வட்டிக்குச் சம்மதிக்கிறாரோ அவருக்குச் சான்றிதழ். பெரிய நிதி நிறுவனங்கள் கணினி வைத்துக் கேட்பதால் நல்ல சொத்துகளின் வட்டி கால் சதவீதம் வரைகூட இறங்கும். அவர்கள் குறி, பாக்கி தீரும்போது சட்டப்படி கிடைக்கும் குறைந்தபட்ச 5 சதவீதத்தில். 18 சதவீதம் கிடைக்கும் சான்றிதழ் உங்கள் கையில் வந்து விழுந்தால், மற்றவர்கள் ஏன் அதை விட்டார்கள் என்று யோசிக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்தும் பாக்கி தீரவில்லையென்றால் நிலம் சான்றிதழ்காரருக்கு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஃபுளோரிடாவில் அப்படி இல்லை. அவர் மனுப் போட்டு, அந்தச் சொத்தின் மேல் இருக்கும் மற்ற பாக்கிகளையும் கட்டி, பொது ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அதிகம் கேட்டவருக்கே நிலம். யாருமே கேட்காத நிலம்தான் மனுப் போட்டவர் தலையில் விழும். ஒன்றும் செய்யாமல் ஏழு ஆண்டு கடந்தால் சான்றிதழ் வெறும் காகிதம்.

இரண்டாவது வகையில் நிலத்தையே விற்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பொதுவாக ஐந்து ஆண்டு பாக்கி நின்றால் கவுண்டி விற்கலாம். ஏலத்துக்கு முந்தைய வேலைநாள் மாலை வரை உரிமையாளர் கட்டி மீட்டுக்கொள்ளலாம். ஏலப் பட்டியலில் கண் வைத்த நல்ல மனைகள் கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது இதனால்தான். டெக்சாஸில் விற்ற பிறகும் மீட்கலாம். குடியிருக்கும் வீடு, விவசாய நிலம் என்றால் இரண்டு ஆண்டு, மற்றவை 180 நாள். முதல் ஆண்டில் மீட்டால் வாங்கியவருக்கு 25 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 50 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். கேட்க இனிக்கிறது. அந்த இரண்டு ஆண்டும் வீட்டில் பெரிய செலவு செய்ய முடியாது, விற்பதும் கடினம் என்பது அதோடு சேர்ந்தது.

ஒரு நிலம் வரி ஏலம் வரை வருவதற்கு முன் எத்தனை பேர் அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் கட்டியிருக்கலாம். கடன் கொடுத்த வங்கி, தன் அடமானம் கரைந்துவிடாமல் இருக்க, தானே வரியைக் கட்டியிருக்கலாம். மதிப்புள்ள வீடு என்றால் வங்கி அதைத்தான் செய்யும். வாரிசு, பக்கத்து மனைக்காரர், ஊரிலேயே இருக்கும் தரகர் என்று எல்லாரும் பார்த்து ஒதுக்கிய பிறகு மிஞ்சியதுதான் முகம் தெரியாத வெளியூர்க்காரருக்கு ‘வாய்ப்பாக’ வருகிறது. மொஹாவி பாலைவனத்தில் கலிஃபோர்னியா சிட்டி என்று ஓர் ஊர் உண்டு. 1958-இல் பெருநகரக் கனவோடு மனை பிரித்தார்கள். பரப்பில் இன்றும் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம். பெரும்பகுதி, வானத்திலிருந்து பார்த்தால் மணலில் கிழித்த தெருக்கோடுகள் மட்டுமே. தண்ணீரும் மின்சாரமும் எட்டாத மனைகள். பத்திரம் சுத்தமாக இருக்கும், எல்லை சரியாக இருக்கும். வாங்கியவர் அடுத்து யாரிடம் விற்பார்?

இதற்கு நேர்மாறாக, நிலம் பொன்னாக இருந்து விற்பனையில் கோளாறு இருப்பதும் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவில் பிரசிடியோ டெரஸ் என்னும் கோடீஸ்வரர்கள் குடியிருக்கும் தனியார் தெரு. தெருவுக்கான வரி ஆண்டுக்கு 14 டாலர். அதைக் கேட்கும் நோட்டீஸ் எப்போதோ விலகிய கணக்காளரின் முகவரிக்கே போய்க்கொண்டிருக்க, நகராட்சி 2015-இல் தெருவையே ஏலம் விட்டது. ஒரு தம்பதி 90,100 டாலருக்கு எடுத்தார்கள். வாகனம் நிறுத்தக் கட்டணம் வாங்கலாம் என்பது அவர்கள் கணக்கு. விவகாரம் 2017-இல் வெடித்தது. அதே ஆண்டு மாநகர மன்றம் 7-க்கு 4 என்ற வாக்கில் விற்பனையை ரத்து செய்தது. ஏழை ஒருவரின் வீடு போயிருந்தால் மன்றம் இவ்வளவு வேகமாகக் கூடியிருக்குமா என்பது வேறு கேள்வி.

வரி விற்பனை செல்லுபடியாக, முறையான அறிவிப்பு முக்கியம். அடமானம் வைத்திருப்பவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-இல் சொன்னது. பதிவுத் தபால் பிரிக்கப்படாமல் திரும்பினால் அரசு வேறு வழியிலும் முயல வேண்டும் என்றது 2006-இல். எங்கோ ஒரு குமாஸ்தா ஒரு தபாலை விட்டிருந்தால், நீங்கள் வாங்கிய பத்திரம் ஆட்டம் காணும். ஆகவே நில உரிமைக்குக் காப்பீடு (டைட்டில் இன்சூரன்ஸ்) தரும் நிறுவனங்கள் வரி ஏலப் பத்திரத்தை உடனே ஏற்பதில்லை. அந்தக் காப்பீடு இல்லாமல் அடுத்தவர் வங்கிக் கடனில் வாங்க முடியாது. பெரும்பாலும் வழக்குப் போட்டு உரிமையை உறுதிசெய்துகொள்ள வேண்டும்; வக்கீல் செலவு மனை விலையைத் தாண்டுவதும் நடக்கும். நிலத்தின் மேல் உள்ள பாக்கியெல்லாம் ஒரு தாளில் தெரிந்துவிடாது. மத்திய வருமான வரித் துறைக்குப் பாக்கி இருந்தால், விற்பனைக்குப் பிறகும் 120 நாளுக்குள் அந்தத் துறை சொத்தை மீட்டுக்கொள்ளலாம். பல இடங்களில் நகராட்சி விதிமீறல் அபராதமும் நிலத்தோடு கூடவே வரும்.

வீடு ஏலம் போனவரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. மினசோட்டாவில் மூதாட்டி ஒருவரின் வீடு, அபராதம் உட்பட 15,000 டாலர் பாக்கிக்காக 40,000 டாலருக்கு விற்கப்பட்டது. மீதி 25,000 டாலரையும் ஹெனபின் கவுண்டியே வைத்துக்கொண்டது. அது அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் பல மாநிலங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. பாக்கித் தொகைக்கு முழு வீட்டையும் சான்றிதழ்காரருக்கு எழுதிக்கொடுத்த மாநிலங்களில் அந்தப் பெரிய லாபக் கதை இதோடு ஆட்டம் கண்டது. என் பார்வையில் அது போக வேண்டிய கதைதான்.

500 டாலர் வீடு என்று வரும் படங்களில் பல டெட்ராய்ட் நகரத்தவை. அந்நகரம் அடங்கிய வேய்ன் கவுண்டியின் இரண்டாம் சுற்று ஏலம் அந்தத் தொகையில்தான் தொடங்கி வந்தது. அங்கே 2010 முதல் 2016 வரை வீட்டுக்காரர்கள் மீது குறைந்தது 60 கோடி டாலர் அதிக வரி விதிக்கப்பட்டதாக ‘டெட்ராய்ட் நியூஸ்’ கணக்கெடுத்து எழுதியது. வரி கட்ட முடியாமல் பறிபோன வீடுகளை, பார்க்காமலே வெளிநாட்டிலிருந்து மொத்தமாக எடுத்தவர்கள் உண்டு. செம்புக் குழாய் திருடு போயிருக்கும், கூரை ஒழுகும், சில வீடுகளில் பழைய உரிமையாளரே குடியிருப்பார். அவரை வெளியேற்றும் வேலை வாங்கியவருடையது. அடுத்த ஆண்டு வரி நோட்டீஸும் அவர் பெயருக்கே வரும். அதைக் கட்டாமல் விட்டவர்களின் வீடுகள் மறுபடி ஏலப் பட்டியலில் ஏறின.

இந்தியாவில் இருந்துகொண்டே வாங்க நினைப்பவருக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வரம்பு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் என்பதால் தொகை தடையாகாது. நேரம்தான் இடிக்கும். ஃபுளோரிடாவில் நில ஏலத்தில் ஜெயித்தவர் 5 சதவீதமோ 200 டாலரோ, எது அதிகமோ அதை முன்பணமாகக் கட்டி, மீதியை 24 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். சென்னையில் வங்கி படிவம் கேட்டுக் கையெழுத்து வாங்கிப் பணத்தை அனுப்புவதற்குள் அந்தக் கெடு போய்விடும். முன்பணம் திரும்ப வராது.