கவியரங்கு நமக்கும் சொந்தந்தான்



"கவியரங்கா? அது படிச்ச ஆளுங்க சமாச்சாரம். நமக்கு எதுக்கு?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. சீனன்குடா போன்ற இடத்தில் மூன்று தலைமுறையையும் ஒரே மேடையில் ஏற்றிக் கவியரங்கு வைக்கலாம் என்று நாம் சொல்கிறோம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

கவியரங்கில் நடுவில் தலைமைக் கவிஞர் இருப்பார். ஒரு தலைப்பு இருக்கும். அவர் ஒவ்வொருவரையும் பாட்டாலேயே கூப்பிடுவார். வந்தவர் பாட்டாலேயே அவைக்கு வணக்கம் சொல்லி வாசிப்பார். நல்ல அடி வந்தால் சபை "இன்னொருக்கா" என்று கேட்கும், அவரும் திரும்பச் சொல்வார். ஆக, இது காதால் கேட்கிற கவிதை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ரசிக்கலாம். 1960களில் மஹாகவி, முருகையன், நீலாவணன் போன்ற நம் நாட்டுக் கவிஞர்கள் பேச்சு ஓசையிலேயே கவிதை கட்டியதால் சாதாரண சனத்துக்கும் அது விளங்கிற்று. கொழும்பில் வலம்புரி கவிதா வட்டம் போயா நாட்களில் கவியரங்கு நடத்தியிருக்கிறது. மூத்தவரும் புதியவரும் ஒரே வரிசையில் வாசித்தார்கள். போயா லீவு நாள், நமக்கும் தோது.

நம்ம ஆட்களுக்கு இது புதுசும் அல்ல. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் தொழிலாளரைத் திரட்டினார். மடகும்புறத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947ல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர். லயம் லயமாய்ப் பாடப்பட்ட பாட்டுகளைத் தேடிச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கியவரும் அவரே. அவர் சேர்க்காவிட்டால் அவையெல்லாம் பாடிய வாயோடு போயிருக்கும். குறிஞ்சித் தென்னவனோ தோட்டத் தொழிலாளியாக இருந்தே கவிதை எழுதினார். திருகோணமலையும் சளைத்ததல்ல: தருமு சிவராமு என்ற பிரமிள் 1939ல் பிறந்தது இங்கேதான்.

இனி சீனன்குடாவுக்கு வருவோம். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையை விட்டு வவுனியா, திருகோணமலைப் பக்கம் இறங்கியவர்கள் ஏராளம். அப்படி வந்த குடும்பத்தில் பாட்டிக்குத் தெரிந்தது பெரட்டுக் களமும் கொழுந்துக் கூடையும். மகனுக்கு நினைவிருப்பது மூட்டை முடிச்சோடு இறங்கி வந்த வழி. பேத்திக்கோ கடலும், மா ஆலையும், விமானத் தளமும்தான் ஊர். ஒரே வீட்டில் மூன்று ஊர்! பாட்டியின் தாலாட்டும் ஒப்பாரியும் பேத்தியின் கொப்பியில் இல்லை. பாட்டிக்கும் பேத்தி பள்ளியில் என்ன எழுதுகிறாள் என்று தெரியாது.

எண்ணெய்த் தாங்கிகளையே எடுங்கள். பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ந் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டபோது அதில் ஒன்று எரிந்தது. கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலர். தாத்தா சொல்லக் கேட்டவர்கள் எழுதினால் அதுவும் கவிதைக்குப் பொருள்தான்.

நடத்துவதில் சில விஷயம் கவனிக்க வேணும். வயசானவர்களை முதலில் விடுங்கள், இருட்டினால் அவர்கள் வீடு போகக் கஷ்டம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதட்டும். மேடையில் பெரியவரே சொல்லட்டும், பிள்ளை பக்கத்தில் நின்று அடி எடுத்துக் கொடுத்தால் போதும். இளசுகள் புதுக்கவிதை வாசித்தால் "ஓசை எங்கே?" என்று மடக்காதீர்கள். மாலை, பொன்னாடை, நீண்ட தலைமையுரை எல்லாம் வேண்டாம்; அதிலேயே பாதி நேரம் போய்விடும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் தாராளம்.

தலைப்பு பெரிசாக இருக்க வேணும் என்றில்லை. 'வந்த வழி' என்று வைத்தால் மூன்று தலைமுறைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். கைத்தொலைபேசியில் பதிவு செய்து, பாடியவர் பேரையும் தோட்டத்தின் பேரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.