சீபேப் கருவி: பயன்பாடும் சிக்கல் நீக்கமும்

சீபேப் என்பது, தூங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் தூக்க மூச்சுத்தடை நோய்க்குப் பயன்படும் கருவியாகும். 'கன்டினியுவஸ் பாசிட்டிவ் ஏர்வே பிரஷர்' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இப்பெயர். தமிழில் தொடர் நேர்மறைக் காற்றழுத்தக் கருவி எனலாம். அறைக் காற்றை இழுத்து, சிறிதளவு அழுத்தம் கூட்டி, குழாய் வழியே முகமூடிக்குள் செலுத்துவதே இதன் வேலை. இது நோயைக் குணப்படுத்துவதில்லை. அணிந்திருக்கும் நேரத்தில் மட்டும் தடையை விலக்கி வைக்கிறது. ஆகவே இரவு முழுவதும் அணிகிறாரா என்பதைப் பொறுத்தே ஒருவருக்குக் கிடைக்கும் பயன் அமைகிறது. சில வாரங்களிலேயே சலித்துப்போய்க் கருவியைப் பீரோவின் மேல் ஏற்றிவிடுவோர் பலர். அவர்களை விரட்டுவது பல நேரங்களில் கருவியின் பழுது அன்று. பொருந்தாத முகமூடி, வறண்ட வாய், குழாயில் தேங்கிய நீர் போன்ற, சரிசெய்யக்கூடிய சிறு தொல்லைகளே.

மூச்சு அடைபடும் விதம்

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கின்றன. தூக்கத்தில் அவை தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் மென்மையான பின் அண்ணமும் பின்னோக்கிச் சரிய, வழி குறுகுகிறது. நனைந்து இளகிய காகித உறிஞ்சுகுழாயால் இளநீர் குடிக்க முயன்றால், இழுக்க இழுக்கக் குழாயின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொண்டையில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. குறுகிய வழியில் திசுக்கள் அதிர்வதால் குறட்டை எழுகிறது. 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது ஒரு மூச்சுத்தடை நிகழ்வு. ஆக்சிஜன் குறையவும் மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்குகிறது; பெரும் சத்தத்துடன் காற்று உள்ளே போகிறது; மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் நோயாளிக்கு இது பெரும்பாலும் நினைவிருப்பதில்லை. பகல் தூக்கமும் காலைத் தலைவலியும்தான் மிஞ்சுகின்றன. அருகில் படுத்திருப்பவரே பெரும்பாலும் முதலில் கவனிக்கிறார்.

ஒரு மணி நேரத்தில் நிகழும் முழுத் தடைகளையும் பகுதித் தடைகளையும் கூட்டிய எண் ஏஎச்ஐ எனப்படும். பெரியவர்களில் இது 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30-க்கு மேல் கடுமையானது. தூக்க ஆய்வு செய்து இந்த எண்ணை அறிந்த பிறகே கருவி பரிந்துரைக்கப்படுகிறது. குறட்டை விடும் எல்லோருக்கும் இது தேவையில்லை.

தோற்றம்

இக்கருவியை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக மருத்துவர் காலின் சல்லிவன். அதற்கு முன், கடுமையான நோயாளிகளுக்கு இருந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சையே. 1980-இல் அந்த அறுவை சிகிச்சைக்கு மாற்றாக, ஓர் இரவு மட்டும் புதிய முறையை முயன்று பார்க்க நோயாளி ஒருவர் ஒப்புக்கொண்டார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டார் இங்கே காற்றை ஊதப் பயன்பட்டது. அக்கால முகமூடி, நோயாளியின் மூக்கை அச்செடுத்துச் செய்யப்பட்டு, இரவுதோறும் பசையால் ஒட்டப்பட்டது. இன்று பட்டையை மாட்டவே சலித்துக்கொள்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். ஐந்து நோயாளிகளிடம் கண்ட முடிவுகள் 1981-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன.

அழுத்தமும் முகமூடியும்

அழுத்தம் சென்டிமீட்டர் நீர் என்னும் அலகில் கூறப்படுகிறது. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 வரை தரவல்லவை. ஒரு டம்ளரில் 10 செ.மீ. ஆழத்துக்கு நீர் ஊற்றி, உறிஞ்சுகுழாயை அடிவரை விட்டு ஊதினால், முதல் குமிழி வர எவ்வளவு ஊத வேண்டுமோ அதுவே 10 செ.மீ. நீர் அழுத்தம். வளிமண்டல அழுத்தத்தில் இது ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. காற்றாலான ஒரு முட்டுக்கொடுப்பாக நின்று இது தொண்டைச் சுவரைச் சரியவிடாமல் தாங்குகிறது. நுரையீரலுக்காக மூச்சு விடுவதில்லை. கொரோனாக் காலத்தில் வீடுகளுக்கு அறிமுகமான ஆக்சிஜன் செறிவூட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சீபேப் கருவி தானாக ஆக்சிஜன் எதையும் சேர்ப்பதில்லை.

ஒரே அழுத்தம் தருவது, தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைப்பது, மூச்சை இழுக்க ஒன்றும் விட ஒன்றுமாக இரு அழுத்தங்கள் தருவது எனக் கருவிகளில் வகைகள் உண்டு. முகமூடிகளில் மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளைகளில் பொருந்தும் சிறு மெத்தை, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என மூன்று வகைகள் பரவலானவை. அடர்ந்த மீசையோ தாடியோ உள்ளவர்களுக்கு மூக்குத்துளை மெத்தை பெரும்பாலும் நன்றாகப் பொருந்தும். கருவியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தைவிட முகமூடியைப் போட்டுப் பார்க்க அதிக நேரம் செலவிடுவது நல்லது.

சில முகமூடிகளின் கொக்கிகளில் காந்தம் இருக்கும். இதயமுடுக்கி போன்ற பொருத்திகள் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். அருகில் படுப்பவருக்குப் பொருத்தி இருந்தாலும் இது கவனிக்க வேண்டியதே.

முதல் வாரங்கள்

முகமூடியைக் கண்டாலே மூச்சு முட்டுவதாகச் சிலர் அஞ்சுவர். பகலில் பழகுவதே இதற்கு வழி. முதலில் குழாய் இல்லாமல் முகமூடியைக் கையால் பிடித்து வைத்துக்கொள்வது, பிறகு பட்டையுடன் அணிந்து தொலைக்காட்சி பார்ப்பது, அதன்பின் கருவியை இயக்கி உட்கார்ந்திருப்பது, கடைசியாகப் படுப்பது என்று சில நாள்களில் படிப்படியாகச் செல்லலாம்.

தூக்கம் வரும்வரை குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும் 'ராம்ப்' வசதி பல கருவிகளில் உண்டு. மூச்சு முட்டுவதாகச் சொல்லும் எல்லோருக்கும் அழுத்தம் மிகுதி என்று கொள்ளக் கூடாது. தொடக்க அழுத்தம் 4 ஆக இருப்பது சிலருக்குப் போதாமல், காற்றுக்கு ஏங்குவதுபோல் இருக்கும். அவர்களுக்குத் தொடக்க அளவைச் சற்று உயர்த்தினால் சரியாகிவிடும்.

நள்ளிரவில் கழற்றி வைப்பதே மிகப் பரவலான பழக்கம். நான்கு மணி நேரம் போட்டோமே, போதும் என்று தோன்றும். ஆனால் கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அப்போதுதான் தசைகள் மிகவும் தளர்ந்து, பலருக்கு அடைப்பு மிகுதியாகிறது. 2 மணிக்குக் கழற்றுபவர் நோய் முற்றும் நேரத்தில் பாதுகாப்பின்றி இருக்கிறார். இதய நோயோ மூளை இரத்தநாள நோயோ உள்ள 2,700-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான 'சேவ்' ஆய்வில், கருவி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் குறைத்ததாகத் தெரியவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன. அதில் பங்கேற்றோர் கருவியை அணிந்தது இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரமே என்பதையும் சேர்த்தே அம்முடிவைப் படிக்க வேண்டும்.

காற்றுக் கசிவு

சிக்கல்களில் தலையாயது கசிவு. கசியும் காற்று கண்ணில் பட்டால் காலையில் கண் சிவந்து உறுத்தும். கசிகிறது என்றதும் பட்டையை இறுக்குவது இயல்பு. அதனாலேயே பெரும்பாலும் கசிவு கூடுகிறது. சிலிக்கான் மெத்தை காற்றால் உப்பித்தான் முகத்தோடு ஒட்டும். இறுக்கினால் அது மடங்கிவிடும், மூக்கின் மேல் புண்ணும் வரும். படுத்த நிலையில், கருவி ஓடும்போது, பட்டைகளைத் தளர்த்தி, முகமூடியைச் சற்று முன்னே இழுத்து மெத்தை உப்பிய பிறகு மெல்ல அமர்த்தி, இருபுறமும் சமமாக இழுக்க வேண்டும். உட்கார்ந்தபடி சரிசெய்தது படுத்தவுடன் மாறிவிடும்.

படுக்கும் முன் முகத்தைக் கழுவாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கில் மெத்தை வழுக்கும். தலைக்கு எண்ணெய் தடவும் வழக்கமுள்ளவர்களுக்குப் பட்டையும் விரைவில் தளர்ந்துவிடக்கூடும்.

முகமூடியின் முன்புறம் உள்ள நுண்துளைகளில் எப்போதும் காற்று சீறிக்கொண்டே இருக்கும். அது கசிவு அன்று. வெளிவிடும் கரியமில வாயு அவ்வழியாகவே வெளியேறுகிறது. அத்துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

வறட்சி, மூக்கடைப்பு, தேங்கும் நீர்

மூக்கு முகமூடி அணிந்தவர் வாயைத் திறந்து தூங்கினால், மூக்கு வழியே சென்ற காற்று வாய் வழியே வெளியேறி நாக்கு உலர்ந்துபோகும். ஈரப்பதமூட்டியின் அளவைக் கூட்டுவது முதல் தீர்வு. போதாவிட்டால் தாடைப்பட்டை அணியலாம், அல்லது வாயையும் மூடும் முகமூடிக்கு மாறலாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்த் துளிகள் உதவும். நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும், ஏனெனில் மூக்கு அடைத்திருப்பதே வாய் திறப்பதற்குக் காரணமாக இருக்கலாம்.

குழாயில் நீர் தேங்கிக் களகளவென ஒலிப்பதும், முகத்தில் துளி தெறிப்பதும் ஏசி அறைகளில் மிகுதி. ஈரமான வெதுவெதுப்புக் காற்று குளிர்ந்த குழாய்ச் சுவரில் பட்டு நீராகிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்ப்பது போன்றதே இது. குழாய்க்குத் துணியுறை போடுவது, கருவியைத் தலையணை மட்டத்துக்குக் கீழே வைப்பது, ஈரப்பதத்தை ஒரு படி குறைப்பது, சூடேறும் குழாயைப் பயன்படுத்துவது ஆகியவை பலன் தரும்.

காற்றை விழுங்கி வயிறு உப்புவோர் பக்கவாட்டில் படுத்துப் பார்க்கலாம். குறையாவிட்டால் அழுத்தத்தை மாற்ற மருத்துவரை நாட வேண்டும். தாமாக மாற்றக் கூடாது.

நீரும் தூய்மையும்

ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீரே ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரானால் சில நாள்களிலேயே தொட்டியின் அடியில் வெள்ளைப் படிவு ஏறும். நீர்த்த வினிகரில் ஊறவைத்தால் அது கரையும். மிச்ச நீரைக் காலையில் கொட்டிவிட வேண்டும். மெத்தையைத் தினமும், குழாயையும் தொட்டியையும் வாரம் ஒருமுறையும் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். ஓசோன் அல்லது புற ஊதாக் கதிரால் சுத்தம் செய்வதாக விற்கப்படும் பெட்டிகள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது. கருவி இழுப்பது அறைக் காற்றையே. வடிகட்டி தூசியைத் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. கொசுவர்த்திச் சுருளை அதனருகே வைத்தால் புகை நேரே முகமூடிக்குள் வரும்.

திரையில் தெரியும் எண்கள்

காலையில் திரையில் தெரியும் மூன்று விவரங்களைப் பார்த்தால் போதும்: அணிந்த நேரம், கசிவு, ஏஎச்ஐ. சிகிச்சையில் ஏஎச்ஐ 5-க்குக் கீழே இருப்பது நல்லது. ஓரிரு நாள் ஏறி இறங்குவது இயல்பு. தொடர்ந்து உயர்ந்திருந்தால் முதலில் கசிவைப் பார்க்க வேண்டும், ஏனெனில் கசிவு மிகுந்தால் கருவியின் கணக்கும் தவறும். கசிவின்றியும் உயர்ந்திருந்தால், அல்லது வழி திறந்திருந்தும் மூச்சு நிற்பதாகக் கருவி காட்டினால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்கள் நன்றாக இருந்தும் பகல் தூக்கம் நீடித்தால் அதையும் சொல்ல வேண்டும். அதுவரை வண்டி ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

மின்தடை, பயணம், பழைய கருவி

மின்சாரம் நின்றால் மூச்சு நின்றுவிடாது. முழுமுக முகமூடிகளில் வெளிக்காற்றை உள்ளே விடும் தடுக்கிதழ் உண்டு; மூக்கு முகமூடி அணிந்தவர் வாயால் மூச்சு விடலாம். ஆயினும் உடனே கழற்றுவதே முறை. இன்வெர்ட்டரில் ஓட்டுவோருக்குச் சைன் அலை வகை ஏற்றது. மின்சாரத்தை மிகுதியாக உண்பது ஈரப்பதமூட்டியும் சூடேறும் குழாயும்தான். அவற்றை நிறுத்தினால் பேட்டரி நெடுநேரம் தாங்கும். பயணத்தின்போது தொட்டியை வெறுமையாக்கிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குச் செல்வோர் மயக்க மருத்துவரிடம் இந்நோயைக் கூறி, கருவியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

பழைய கருவி வாங்குவோர் அதன் வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஒலியைக் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றில் கலக்கக்கூடும் என்பதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. மேலும், முந்தையவருக்காக அமைத்த அழுத்தம் புதியவருக்குப் பொருந்தாது.

உடல் எடை நன்கு குறைந்தால் சிலருக்கு நோய் தணிகிறது. குறட்டை நின்றதை மட்டும் வைத்துக் கருவியை நிறுத்தாமல், கருவியின்றி மீண்டும் ஒரு தூக்க ஆய்வு செய்து ஏஎச்ஐ எண்ணைப் பார்த்தே மருத்துவர் அதை முடிவு செய்வார்.