நூற்றுக்கு நூறும் போதவில்லை: எல்லைக் கிராமத்திலிருந்து தில்லிக் கல்லூரிக்கு எவ்வளவு தொலைவு?

புது தில்லி: கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள சிறிய ரயில் நிலையம் தனுவச்சபுரம். அங்கிருந்து தமிழக எல்லையான களியக்காவிளை கூப்பிடு தூரம். தலைநகர் தில்லியோ ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர். ஆயினும், ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் இவ்வட்டாரத்தின் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: "இந்த மதிப்பெண்ணுக்கு தில்லியில் இடம் கிடைக்குமா?"

இக்கேள்விக்கு 2021-ஆம் ஆண்டு வரை ஒருவிதமான விடை இருந்தது. 2022-க்குப் பின் விடை காணும் முறையே மாறிவிட்டது. அந்த மாற்றத்தின் மையத்தில் நின்றவர்கள் கேரள மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்கள் தில்லிக்கு வந்த கதையையும், அடுத்த ஆண்டே பெரும்பாலும் காணாமற்போன கதையையும் அறியாமல், இன்று விண்ணப்பிக்கும் மாணவர் தமது வாய்ப்பைச் சரியாக எடைபோட இயலாது.

நூறு விழுக்காட்டின் கதை

தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2021 வரை, பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு கட்-ஆஃப் மதிப்பெண்ணை அறிவிக்கும். அதை எட்டியவர் அனைவரையும் சேர்த்தாக வேண்டும். இடம் நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்ப இயலாது. எனவே, கூட்டத்தைத் தவிர்க்க விரும்பிய கல்லூரிகளுக்குக் கட்-ஆஃபை உயர்த்துவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

2021 அக்டோபரில் அந்த உயர்வு உச்சியைத் தொட்டது. ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில் பி.காம். ஆனர்ஸ், பொருளாதாரம் ஆனர்ஸ் ஆகியவற்றுக்கும், இந்து கல்லூரியில் அரசியல் அறிவியல் ஆனர்ஸுக்கும் கட்-ஆஃப் நூறு விழுக்காடு என அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு நூறு என்றால் எவரும் வரமாட்டார்கள் என்று எண்ணியிருக்கக்கூடும். ஆனால் இந்து கல்லூரியின் அரசியல் அறிவியலில் பொதுப்பிரிவுக்கு இருந்த 20 இடங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் முழு மதிப்பெண்ணுடன் வந்து நின்றனர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கேரள மாநில வாரியத்தில் பயின்றவர்கள்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் சி.பி.எஸ்.இ. தேர்வையே ரத்து செய்து உள்மதிப்பீட்டின்படி மதிப்பெண் வழங்கியது. கேரளமோ தேர்வை நடத்தியது. ஆனால் முக்கியப் பாடப்பகுதிகளை முன்கூட்டியே அறிவித்து, வினாத்தாளில் கூடுதல் தெரிவுகளையும் அளித்தது. அவ்வாண்டு எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் பெற்றோர் 48,383 பேர். முந்தைய ஆண்டைப்போல் இது இரண்டரை மடங்கு.

தலைநகரில் எழுந்த எதிர்வினை கசப்பானது. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் இதை 'மதிப்பெண் ஜிகாத்' என்று சமூக ஊடகத்தில் வர்ணித்தார். கேரளக் கல்வி அமைச்சர் சிவன்குட்டி உள்ளிட்டோர் கடுமையாகக் கண்டித்தனர். எல்லா வாரியங்களின் மாணவர்களையும் சமமாகவே நடத்துவதாகப் பல்கலைக்கழகம் விளக்கமளித்தது. விதிப்படி விண்ணப்பித்து, விதிப்படி இடம்பெற்ற பதினெட்டு வயதுப் பிள்ளைகள், தாங்கள் செய்யாத குற்றத்துக்காகத் தலைப்புச் செய்தியாயினர்.

அளவுகோல் மாறியது

2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்கு 'க்யூட்' எனப்படும் பொது நுழைவுத் தேர்வைக் கட்டாயமாக்கியது. மாநில வாரிய மாணவர்களுக்கும் கிராமப்புற மாணவர்களுக்கும் இது பாதகமானது. பயிற்சி மையங்களுக்கே சாதகமானது என்று கூறி, அத்தேர்வைத் திரும்பப் பெறக் கோரித் தமிழகச் சட்டப்பேரவை அதே ஆண்டு ஏப்ரல் 11-இல் தீர்மானம் நிறைவேற்றியது.

முதலாண்டின் விளைவு எண்களிலேயே தெரிந்தது. 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1,600-க்கும் மேற்பட்டோர் கேரள வாரியத்திலிருந்து சேர்ந்திருந்தனர். 2022-இல் அவர்களின் எண்ணிக்கை 400-க்கும் கீழே சரிந்தது. ஓராண்டில் ஒரு மாநிலப் பிள்ளைகளின் அறிவு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடாது. மாறியது அளவுகோல் மட்டுமே. 'வாய்ப்பு' என்று நாம் சொல்வது மாணவரின் திறமையை மட்டும் அளப்பதன்று. எந்தக் கோலால் அளக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே அளப்பது.

இதில் ஒரு முரணும் உண்டு. தமிழகத்துக்குத் தனிப் பாடத்திட்டம் இருப்பதுபோல் கேரள மேல்நிலைக் கல்வியில் இல்லை. அங்கே பெரும்பாலான பாடங்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. நூல்களே பயன்படுகின்றன. 2023-இல் அந்நூல்களிலிருந்து சில பகுதிகள் நீக்கப்பட்டபோது, அவற்றைக் கற்பிப்பதற்கென்றே கேரளம் துணைநூல் வெளியிட்டது. ஆகவே தனுவச்சபுரம் மாணவிக்குப் பாடம் புதிதன்று. புதிது தேர்வின் வடிவம். விரித்து எழுதிப் பழகிய கைக்கு, 60 நிமிடங்களில் 50 வினாக்களுக்குத் தெரிவு விடையளித்து, தவறுக்கு ஒரு மதிப்பெண்ணை இழக்கும் முறை அயலானது. எந்நாட்டு மாணவருக்கும் ஐந்தாறு மாதப் பழக்கத்தில் அது வசப்படும். ஆனால் அப்பழக்கம் தேவை என்பதை டிசம்பரில் அறிந்தவருக்கும் ஏப்ரலில் அறிந்தவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது.

எந்த எண்ணை நம்புவது?

வாய்ப்பைக் கணக்கிடுவோர் முதலில் செய்யும் பிழை, பெரிய எண்களைக் கண்டு அஞ்சுவது. 2025-இல் க்யூட் தேர்வுக்குப் பதிவு செய்தோர் ஏறத்தாழ 13.5 லட்சம், தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளநிலை இடங்கள் சுமார் 71,000. நூற்றுக்கு ஐவருக்கே இடம் என்று தோன்றும். ஆனால் க்யூட் எழுதும் அனைவரும் தில்லிக்கு விண்ணப்பிப்பதில்லை. அவ்வாண்டு கல்லூரி விருப்பங்களைப் பதிவு செய்தவர்கள் சுமார் 2.4 லட்சம் பேரே. அதாவது பத்தில் மூவருக்கு ஏதேனும் ஓரிடம் உண்டு.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. பத்தில் மூன்று என்பது பல்கலைக்கழகம் முழுமைக்குமான கணக்கு. இந்து கல்லூரியின் அரசியல் அறிவியலுக்கு அது பொருந்தாது. அங்கே 2025-இல் பொதுப்பிரிவின் முதற்சுற்று, 1,000-க்கு 950 மதிப்பெண்ணை ஒட்டி நின்றது. அதே பாடம் வேறு கல்லூரிகளில் அதைவிடக் கணிசமாகக் குறைந்த மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. 'தில்லியில் இடம் கிடைக்குமா' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. 'எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தச் சுற்று' என்று கேட்டால் மட்டுமே விடை உண்டு.

மூன்றாவது பிழை, பழைய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது. 2024 வரை ஒரு தாளுக்கு 200 மதிப்பெண். நான்கு தாள்களுக்கு 800. 2025-இல் எல்லா வினாக்களும் கட்டாயமாக்கப்பட்டதால் தாளுக்கு 250, மொத்தம் 1,000. முந்தைய ஆண்டில் முன்னணிக் கல்லூரியின் வாசலுக்கு அழைத்துச் சென்ற 780, அடுத்த ஆண்டில் 78 விழுக்காடாகிவிட்டது. மேலும், தேர்வு பல நாள்களில் பல வேளைகளாக நடப்பதால், வினாத்தாளின் கடுமையைச் சமன்செய்து திருத்திய மதிப்பெண்ணே வழங்கப்படுகிறது. விடைக்குறிப்பைப் பார்த்து வீட்டில் கூட்டிய எண்ணும் முடிவில் வரும் எண்ணும் வேறுபடுவது இதனால்தான்.

நம்பத்தக்க எண்கள் இரண்டு உண்டு. ஒன்று, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் கல்லூரிவாரி, படிப்புவாரி, பிரிவுவாரியாகப் பல்கலைக்கழகம் வெளியிடும் குறைந்தபட்ச ஒதுக்கீட்டு மதிப்பெண். முதற்சுற்றோடு நில்லாமல் பிந்தைய சுற்றுகளையும் பார்க்க வேண்டும். மற்றொன்று, முதற்சுற்றுக்கு முன் அவரவருக்குக் காட்டப்படும் மாதிரித் தரவரிசை. 20 இடங்களுக்கு 60-ஆவது தரவரிசை என்றால் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. முன்னே நிற்பவர்களில் பலர் வேறு கல்லூரியையோ வேறு படிப்பையோ மேலாக விரும்பியிருக்கலாம். தரவரிசையைக் கண்டபின் விருப்ப வரிசையை மாற்றிக்கொள்ளக் குறுகிய கால அவகாசமும் தரப்படுகிறது.

விருப்ப வரிசை பற்றிய அச்சமும் தேவையற்றது. எட்டாத கல்லூரியை முதலிடத்தில் எழுதினால் கீழே உள்ள கல்லூரியில் வாய்ப்புக் குறையாது. மேலுள்ளது கிடைக்காவிட்டால் கணினி அடுத்ததைப் பரிசீலிக்கும். ஆனால் ஒதுக்கிய இடத்தை ஏற்காதவர் அத்துடன் போட்டியிலிருந்து விலக்கப்படுவார். எனவே, ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுக. போக மனமில்லாத இடத்தை எழுதாது விடுக. ஏற்றுக்கொண்டபின் மேலான விருப்பத்துக்குக் காத்திருக்கும் வழி தனியே உள்ளது.

தேர்வுக்கு முன்பே தோற்பவர்கள்

மதிப்பெண்ணால் வாய்ப்பிழப்பவர்கள் ஒருபுறமிருக்க, ஆவணங்களாலும் பாடத்தெரிவாலும் வாய்ப்பிழப்பவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்கக் கணிதத் தாள் கட்டாயம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்தில்தான் க்யூட் தாளையும் எழுத வேண்டும். ஆகவே பதினைந்து வயதில் பிளஸ் ஒன் சேரும்போது கணிதமில்லாப் பிரிவைத் தேர்ந்த மாணவருக்கு அந்தக் கதவு அன்றே மூடிவிடுகிறது. கேரளத்தில் உள்ள சமூகப்பணி, காந்திய ஆய்வு போன்ற பாடங்களுக்கு நேரான தாள் க்யூட்டில் இல்லை. அவற்றைப் படித்தவர்கள் தகுதிப் பட்டியலை முன்கூட்டியே கூர்ந்து பார்க்க வேண்டும்.

மொழித்தாள் எல்லைக் கிராமத்தினருக்கு ஒரு நல்வாய்ப்பு. 13 மொழிகளில் தமிழும் மலையாளமும் உள்ளன. பள்ளியில் தமிழை மொழிப்பாடமாகப் படித்தவர், பெரும்பாலான ஆனர்ஸ் படிப்புகளுக்கு ஆங்கிலத்துக்குப் பதிலாகத் தமிழ்த் தாளையே எழுதலாம். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று கோட்டுக்கு அப்பால் நின்ற தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அவர்களது வீட்டுமொழி தலைநகரின் வாசலில் மதிப்பெண் ஆகிறது.

சான்றிதழ் இன்னொரு பொறி. மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு, மத்தியப் பட்டியலின்படி. மாநிலப் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. 2021-இல் கேரள அரசு, தென்னிந்திய ஐக்கியத் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவ நாடார்களையும் மாநிலப் பட்டியலில் சேர்த்ததும், அது உயர் நீதிமன்றம் வரை சென்றதும் இவ்வட்டார மக்கள் நன்கறிந்தவை. எந்தப் பட்டியலில் தம் பிரிவு உள்ளது என்பதை உறுதிசெய்து, மத்திய அரசுப் படிவத்தில், அவ்வாண்டுக்கான வருமான வரம்புச் சான்றுடன் வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்னதாகவே பெறுதல் நலம். கடைசி வாரத்தில் அலைந்து, பொதுப்பிரிவில் தள்ளப்பட்ட பிள்ளைக்கு உரிமை இருந்தும் பயனில்லை.

கையிலுள்ள இடமும் காத்திருக்கும் இடமும்

தனுவச்சபுரத்திலேயே வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு நடக்கிறது. நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கிய 2024-இல் கேரளத்தில் வகுப்புகள் ஜூலை 1-இல் ஆரம்பித்தன. தில்லியில் முதல் ஒதுக்கீடே ஆகஸ்ட் நடுவில்தான் வந்தது. 2025-இல் அது ஜூலை மூன்றாம் வாரத்துக்கு முன்னேறியது; ஆயினும் இடைவெளி நீங்கவில்லை. உள்ளூர் இடத்தைப் பெற்றுக்கொண்டு தில்லிக்குக் காத்திருப்பதே அறிவுடைமை. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. க்யூட் மதிப்பெண் தில்லிக்கு மட்டும் உரியதன்று. காசர்கோட்டின் கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் திருவாரூரின் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் அதைக் கொண்டே மாணவர்களைச் சேர்க்கின்றன.

செலவையும் மறைக்கலாகாது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் தாங்கக்கூடியதே. தில்லியில் விடுதி இடங்களோ சொற்பம். வெளியில் வாடகைக்குத் தங்கும் செலவு, பல கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தையே விஞ்சும். இடம் கிடைத்தும் போக இயலாத நிலை, இடம் கிடைக்காததைவிடக் கொடிது. அந்தக் கணக்கையும் வீட்டார் முன்னதாகவே போட்டுவிட வேண்டும்.

நான்கில் ஒன்றாகச் சுருங்கிய அந்தக் கேரள எண்ணிக்கையில், தேர்வில் தோற்றவர்கள் எத்தனை பேர், 'நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்' என்று விண்ணப்பிக்காமலே நின்றவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டியலும் பிரித்துச் சொல்வதில்லை. அளவுகோலை மாற்றும் அதிகாரம் எல்லைக் கிராமத்து மாணவருக்கு இல்லை. அதற்கான போராட்டம் சட்டப்பேரவைகளிலும் நாடாளுமன்றத்திலும் நடக்க வேண்டியது. ஆனால் விண்ணப்பிக்காதவரின் வாய்ப்பு மட்டும் எந்த முறையிலும், எந்த ஆண்டிலும் பூஜ்யமே. அந்த ஒரு கணக்கை மாற்றுவது அவர் கையிலேயே இருக்கிறது.